மெஷினுக்கு எழுபதாயிரம், வாத்தியாருக்கு ஒத்தப் பைசா கிடையாதா?

பொங்கலுக்கு மெட்ராஸ்ல இருந்து தம்பி மகன் வந்திருந்தான். வயசு முப்பத்தாறு. கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து பாக்குற வேலை. போன வருஷக் கடைசியில எடுத்த ரத்தப் பரிசோதனையில சுகர்னு வந்துருச்சாம். டாக்டர் ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்து, எடையைக் குறைங்க, தினமும் உடம்பை அசைங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கார்.

பையன் ரெண்டு யோசனையோட வந்திருந்தான். ஒண்ணு, வீட்டுலயே ஒரு அறையை ஒதுக்கி ஜிம் வைக்கிறது. டிரெட்மில் 48,000 ரூபாய், பெஞ்சும் டம்பெல்லும் சேர்ந்து 22,000, ஆக மொத்தம் 70,000, பன்னெண்டு மாசத் தவணை. ரெண்டாவது, பக்கத்துத் தெருவுல ஒரு பயிற்சியாளர்கிட்ட சேருறது. மாசம் 8,000 ரூபாய், மாசத்துக்கு 12 நாள், கூடவே நின்னு சொல்லிக் கொடுப்பாராம்.

கரும்பு கடிச்சிக்கிட்டே திண்ணையில பஞ்சாயத்து நடந்துச்சு. என் தம்பி சொன்னான், "மாசம் எட்டாயிரம்னா வருஷத்துக்கு தொண்ணூத்தி ஆறாயிரம்ல. ஒருத்தன் பக்கத்துல நின்னு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுததுக்கு இவ்வளவா? மெஷின் வாங்குனா பொருளாவது மிஞ்சும்." அத்தனை பேரும் தலையாட்டுனாங்க. நான் ஒருத்தன்தான் வேண்டாம்னேன். மெஷினை விடு, மூணு மாசம் அந்த ஆள்கிட்ட போன்னேன். அதுக்குத் தம்பி, "ஒனக்கென்னண்ணே, நீ வயல்ல வேலை பாக்க. ஒனக்கு ஜிம்மைப் பத்தி என்ன தெரியும்?"னு கேட்டுட்டான். வீட்டுல எல்லாருக்கும் சிரிப்பு.

அன்னைக்கு எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. சண்டை போட்டா பொங்கல் கசக்கும்னு விட்டுட்டேன். அதனால இங்க எழுதுறேன். டவுன்ல இருந்து இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேரும் அந்தத் திண்ணையில இருந்திருந்தா தலையாட்டித்தான் இருப்பீங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான் இது.

முதல்ல, "உங்களுக்கென்ன, வயல்லயே எக்சர்சைஸ் ஆயிடுது"ங்கிற பேச்சை எடுத்துக்கிறேன். ஊருக்கு வர்ற ஒவ்வொருத்தரும் இதைச் சொல்லாமப் போறதில்லை. சொல்றவங்க எங்களைப் பெருமைப்படுத்துறதா நினைக்கிறாங்க. எனக்கு எரிச்சல்தான் வருது. வேலை வேற, பயிற்சி வேற. வேலையில உடம்பு தேயும். பயிற்சியில, ஒழுங்காச் செஞ்சா, உடம்பு ஏறும்.

மம்பட்டி பிடிக்கிறவன் முப்பது வருஷம் ஒரே பக்கமாத்தான் வெட்டுறான். வலது தோள் ஒரு மாதிரி, இடது தோள் ஒரு மாதிரி ஆயிடும். பதினாறு லிட்டர் மருந்தடிக்கிற டேங்கை முதுகுல மாட்டிக்கிட்டு சேத்துல நடக்குறவனை யாரும், "இன்னைக்கு இது போதும், நாளைக்கு ஓய்வு எடு"ன்னு நிறுத்துறதில்லை. பூச்சி நமக்காக நாள் பாக்குமா? நடவு நடுற பொம்பளைங்க காலையில குனிஞ்சா வெயில் ஏறுற வரைக்கும் நிமிர மாட்டாங்க. ஐம்பது வயசுல அவங்க முழங்காலையும் இடுப்பையும் வந்து பாருங்க. எங்க வீட்டுலயே ஒரு ஆள் இருக்கு, மாடிப்படி ஏற கைப்பிடி கேட்கும்.

சுகர் டவுன்காரனுக்குத்தான் வரும்னும் நினைக்காதீங்க. ஐ.சி.எம்.ஆர். செஞ்ச பெரிய ஆய்வு 2023-ல வெளிவந்துச்சு. நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சுகர்னு அதுல சொல்லியிருக்காங்க. தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல நூத்துக்குப் பதினாலு பேருக்கு. எங்க தெருவுல எண்ணினாலும் கணக்கு சரியாத்தான் வருது. உழவும் அறுப்பும் மெஷினுக்குப் போயிருச்சு, போக்குவரத்து பைக்குக்குப் போயிருச்சு, மூணு வேளைச் சோறு மட்டும் அப்படியே இருக்கு.

இனி என் கதை. நாலு வருஷத்துக்கு முன்னால பிசானத்துக்கு உரம் இறக்கிக்கிட்டு இருந்தேன். யூரியா மூடை முன்னால ஐம்பது கிலோ இருந்துச்சு, இப்ப நாப்பத்தஞ்சு. அஞ்சு கிலோ குறைஞ்ச மூடைதான் என்னைச் சாய்ச்சுது. குனிஞ்சு தூக்குனேன், இடுப்புல ஏதோ வெட்டுன மாதிரி இருந்துச்சு, அப்படியே உக்காந்துட்டேன். ஸ்கேன் எடுத்தாங்க. எல் நாலு, எல் அஞ்சு நடுவுல டிஸ்க் பிதுங்கியிருக்குன்னாங்க. இருபது நாள் படுக்கை. அப்புறம் டாக்டர் என்னை பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்க இருந்தது என் மக வயசுல ஒரு பொண்ணு. முதல் நாள் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கீழ வச்சு, "இதைத் தூக்குங்கய்யா"ன்னுச்சு. எனக்குக் கோவம். "முப்பது வருஷமா மூடை தூக்குதவன்கிட்ட பெட்டியைத் தூக்கச் சொல்லுத?"ன்னேன். "அதுக்குத்தான் கேட்கேன், எப்படித் தூக்குறீங்கன்னு பாக்கணும்ல" அப்படின்னுச்சு. தூக்குனேன். பக்கவாட்டுல போன்ல படம் பிடிச்சுக் காட்டுச்சு. பார்த்ததும் எனக்கே விளங்கிருச்சு. முழங்கால் மடங்கவே இல்லை. இடுப்புப் பூட்டு அசையவே இல்லை. முதுகு மட்டும் கொக்கி மாதிரி வளைஞ்சு நிக்குது. முப்பது வருஷமா நான் முதுகெலும்பை ஏத்தமாப் போட்டு மூடை இறைச்சிருக்கேன்.

ஒரு தடவைக்கு 300 ரூபாய், பத்து தடவை போனேன். மூவாயிரம் ரூபாய். பத்து நாளும் என்ன மெஷின்ல செஞ்சேன்னு கேட்டா ஒண்ணுமே இல்லை. ஒரு நாற்காலி, ஒரு துண்டு, கடைசி ரெண்டு நாள் மணல் நிரப்பின ஒரு கேன். நாற்காலியில உக்காந்து எந்திரிக்கிறது, பின்னால சாய்ஞ்சு இடுப்பை மடக்குறது, குப்புறப் படுத்துக்கிட்டு முழங்கையை ஊனி உடம்பைப் பலகை மாதிரி நிறுத்துறது. நான் தப்பாச் செய்யும்போதெல்லாம் அந்தப் பொண்ணு கை வந்து முதுகைத் தொட்டுச் சரி பண்ணும். மூச்சை அடக்காதீங்கய்யான்னு நூறு தடவை சொல்லியிருக்கும். இன்னைக்கும் தினமும் காலையில இருபது நிமிஷம் செய்றேன். மூடை தூக்குறேன். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட படுக்கலை.

அந்த மூவாயிரத்துக்கு என்ன பொருள் மிஞ்சுச்சுன்னு தம்பி கேப்பான். நான்தான்ல மிஞ்சினேன்!

இதே வீட்டுல பொருள் மிஞ்சின கதையும் இருக்கு. களை எடுக்கிற பவர் வீடர் ஒண்ணு ஆறு வருஷத்துக்கு முன்னால வாங்கினேன். எக்ஸிபிஷன்ல பார்த்ததும் ஆசை. மானியம் போக என் கைக்காசு முப்பத்தி ரெண்டாயிரம். கடைக்காரன் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினான், அவ்வளவுதான். எங்க களிமண்ணுல எத்தனை ஈரத்துல ஓட்டணும், எந்தப் பல்லை மாட்டணும், வரிசைக்கு எத்தனை அடி விடணும்னு சொல்லித் தர ஆள் இல்லை. ரெண்டு தடவை ஓட்டி, ரெண்டு தடவையும் வாழை வேரை வெட்டிட்டு, தொழுவத்துல நிறுத்தினேன். இன்னைக்கு அது மேல கோழி படுக்குது. உழவுக்கு வேளாண் பொறியியல் துறையில மணிக் கணக்குல டிராக்டர் வாடகைக்கு விடுறாங்க. வேலை தெரிஞ்ச டிரைவரோட வரும், முடிச்சுட்டுப் போகும். அதுல எனக்குப் பொருள் எதுவும் மிஞ்சலை, வயல் மட்டும் உழுது கிடக்கும்.

பொருள் மிஞ்சும்ங்கிற கணக்கு இப்படித்தான் ஏமாத்தும். பொருளுக்குக் கொடுக்கிற காசு கண்ணுக்குத் தெரியுது, சொல்லிக் கொடுக்கிறதுக்குக் கொடுக்கிற காசு காத்துல போற மாதிரி தெரியுது. பழைய சாமான் விக்கிற ஆப்புகளைத் திறந்து டிரெட்மில்னு போட்டுப் பாருங்க. "அதிகம் உபயோகிக்கவில்லை, புதுசு போல உள்ளது"ன்னு வரிசையா நிக்கும். புதுசு போல இருக்குன்னா என்ன அர்த்தம்? வாங்கினவன் உடம்பு பழசாவே இருக்குன்னு அர்த்தம்.

டிரெட்மில்லுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1818-ல இங்கிலாந்துல வில்லியம் கியூபிட்ங்கிற இன்ஜினியர் ஜெயில் கைதிகளுக்காகச் செஞ்ச மிதி உருளை அது. படிப்படியா இருக்கிற பெரிய உருளையில கைதிங்க மணிக்கணக்கா ஏறிக்கிட்டே இருக்கணும், இருந்த இடத்தை விட்டு நகரமுடியாது. சில ஜெயில்கள்ல அதை வச்சு மாவு அரைச்சாங்க, அதனாலதான் மில். சில இடத்துல எதையுமே அரைக்காது, சும்மா தண்டனைக்குச் சுத்தும். 1898-ல சட்டம் போட்டு அதை ஒழிச்சாங்க. இப்ப உள்ளது அதோட கொள்ளுப்பேரன். அன்னைக்கு வார்டன் நின்னான், அதனால ஏறினாங்க. உங்க வீட்டு அறையில யாரு நிப்பா?

சரி, கேலியை விடுவோம். நியாயமாவே கணக்குப் போடுவோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்றது ரெண்டு விஷயம். வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் மூச்சு கொஞ்சம் வாங்குற மாதிரி நடை, ஓட்டம், சைக்கிள் ஏதாவது. கூடவே வாரத்துல ரெண்டு நாளாவது சதைக்கு வலு ஏத்துற பயிற்சி. இதுல முதல் விஷயத்துக்கு வாத்தியார் தேவையில்லை, மெஷினும் தேவையில்லை. அஞ்சு நாள், அரை மணி நேரம், நடந்தா முடிஞ்சுது. ரோடு சரியில்லை, நாய் துரத்துது, மழைன்னு சொல்வீங்க. ஒத்துக்கிறேன். மொட்டை மாடி இருக்கு, நாலு மாடிப் படிக்கட்டு இருக்கு, காசு கேட்காது.

ரெண்டாவது விஷயம்தான் படிச்சுக்க வேண்டியது. உடம்புல சர்க்கரையை அதிகமா உள்ள இழுக்கிறது சதைதான். பெரிய சதையெல்லாம் தொடையிலயும் இடுப்புலயும் முதுகுலயும் இருக்கு. அதுக்கு வேலை கொடுக்கணும்னா உக்காந்து எந்திரிக்கணும், தூக்கணும், தள்ளணும், இழுக்கணும். தப்பாச் செஞ்சா என் முதுகு மாதிரி ஆயிடும். இப்பப் பையனோட 70,000-ஐப் பிரிச்சுப் பாருங்க. 48,000 போறது நடைக்கு, அதாவது சும்மா கிடைக்கிறதுக்கு. 22,000 இரும்புக்கு. அந்த இரும்பை எப்படித் தூக்கணும்னு தெரிஞ்சுக்க ஒதுக்கினது சைபர். விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கிட்டு, தண்ணி எப்பப் பாய்ச்சணும்னு தெரியாம நிக்கிறவன் கணக்கு இது.

அந்த 8,000 ரூபாயை 12 நாளுக்கு வகுத்தா, நாளைக்கு 667 ரூபாய் வரும். அதிகம்தான், எனக்கும் தெரியும். எங்க ஊர்ல ஒரு ஆள் நாள் முழுக்க வரப்பு வெட்டுற கூலி கிட்டத்தட்ட அதுதான். ஆனா வருஷம் முழுக்கப் போகச் சொல்லலையே. மூணு மாசம், 24,000. மெஷின் விலையில மூணுல ஒரு பங்குதான். என் தம்பி பன்னெண்டு மாசத்துக்குப் பெருக்கிக் காட்டினான் பாருங்க, அங்கதான் கணக்குத் தப்பு. நீச்சல் படிக்கிறவன் ஆயுசுக்கும் வாத்தியார் தோள்லயா தொங்குறான்?

எதிர்வாதம் ரெண்டு வந்துச்சு. அதுல சத்து இருக்கு, ஒதுக்கிட்டுப் போக முடியாது.

முதலாவது, பயிற்சியாளர்னு சொல்லிக்கிறவங்கள்ல பாதி பேர் ஏமாத்துக்காரங்க. உண்மைதான். நாலு மாசம் கை சதையை ஏத்திட்டு "கோச்"னு போர்டு மாட்டுறவன் இருக்கான். பவுடர் டப்பா விக்கிறதுக்காகவே ஆள் சேர்க்கிறவன் இருக்கான். மாட்டுத்தரகனைச் சோதிக்கிற மாதிரி சோதிச்சுத்தான் சேரணும். முதல் நாள் உங்ககிட்ட என்ன வியாதி, என்ன மாத்திரை, எங்க பழைய அடின்னு கேக்குறானா? கேக்காதவன்கிட்ட இருந்து அன்னைக்கே எந்திரிச்சு வந்துருங்க. ஏன்னா சுகருக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிற சிலருக்கு வெறும் வயித்துல கடுமையாச் செஞ்சா சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், அது தெரியாதவன் கையில உடம்பைக் கொடுக்கக்கூடாது. டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கணும். அடுத்தது, நீங்க செய்றதை நோட்டுல எழுதி வைக்கிறானா, இல்ல போன் நோண்டுறானா? பவுடர் பேச்சை எத்தனாவது நாள் எடுக்கிறான்? கடைசியா ஒண்ணு கேளுங்க: "தம்பி, நான் எப்ப ஒங்க உதவி இல்லாம தனியாச் செய்வேன்?" நல்ல வாத்தியார் ஒரு கெடு சொல்லுவான். மழுப்புறவன் உங்களை ஆயுள் சந்தாவா நினைக்கிறான்.

ரெண்டாவது எதிர்வாதம் என் மருமக, அதாவது அந்தப் பையனோட சம்சாரம், அடுப்படியில இருந்து சொன்னது. "மாமா, அவங்க பயிற்சிக்குப் போயிருவாங்க. நான் எப்பப் போக? பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டுப் போக? வீட்டுல மெஷின் இருந்தா நானும் ஒரு அரை மணி நேரம் ஏறுவேன்ல." திண்ணையில அத்தனை ஆம்பளைங்க பேசினதுல உருப்படியான பேச்சு இது ஒண்ணுதான். எங்க வீட்டுலயும் உள்ள இருந்து ஒரு குரல், "நல்லாக் கேளுத்தா, இவியளுக்கு இதெல்லாம் எங்க தெரியும்"னு வந்துச்சு.

அந்தப் புள்ளைக்கு என்ன பதில் சொல்றதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். வீட்டுல செய்யணும்ங்கிறது நியாயம். அதுக்கு ஒரு பாய், ஒரு நாற்காலி, ரெண்டு டம்பெல், இழுக்கிற ரப்பர் பட்டை ஒண்ணு. நாலாயிரத்துக்குள்ள அடங்கும். மிச்சத்தை வச்சு வாரம் ரெண்டு நாள் வீட்டுக்கே வர்ற ஒரு பெண் பயிற்சியாளரைப் பிடிங்க, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து படிங்க. அந்த நேரம் பிள்ளை பக்கத்துல விளையாடட்டும், பாத்து அதுவும் ரெண்டு குட்டிக்கரணம் போடும். அப்பவும் செலவு எழுபதாயிரத்தைத் தாண்டாதுன்னு நினைக்கேன்.

மெஷினே கூடாதுன்னு நான் சொல்லலை. ஆறு மாசம் விடாம செஞ்சவன், எது செய்யணும், எப்படிச் செய்யணும்னு தெரிஞ்சவன், தாராளமா வாங்கட்டும். அவனுக்கு அது போற வர்ற நேரத்தை மிச்சம் பண்ணும். உழத் தெரிஞ்சவன் டிராக்டர் வாங்கினா நான் ஏன் தடுக்கப்போறேன்? உழத் தெரியறதுக்கு டிராக்டர் வாங்குறதைத்தான் திட்டுறேன்.

இது உங்க வீட்டோட முடியுற புத்தியும் இல்லை. பக்கத்து ஊர்ல ஊராட்சியில உடற்பயிற்சிக் கூடம் கட்டினாங்க. நல்ல கட்டடம், நல்ல சாமான். சொல்லிக் கொடுக்க ஒருத்தரைப் போடலை. நாலு மாசம் பசங்க தொங்கி விளையாடினாங்க, ஒரு பையன் கையில இரும்பு விழுந்து விரல் நசுங்கிச்சு, பூட்டைப் போட்டுட்டாங்க. இன்னைக்கும் ஜன்னல் வழியா பாத்தா சாமான் புதுசு போலத்தான் இருக்கு.

எங்க அப்பா காலத்துல இந்தப் பக்கம் ஊருக்கு ஊரு இளவட்டக்கல் கிடந்துச்சு. உருண்டைக் கல்லு, பிடிக்க இடமே இருக்காது. அதை மடியில ஏத்தி, நெஞ்சுல ஏத்தி, தோளுக்கு மேல பின்னால போடணும். கல்லுக்கு யாரும் காசு கொடுத்ததில்லை. கத்துக்கொடுத்த பெரியவருக்குத்தான் வேட்டியும் வெத்திலையும் வச்சாங்க. கர்லாக்கட்டையும் அப்படித்தான், வெறும் மரக்கட்டை. இங்க சுத்துறதைப் பாத்து வெள்ளைக்காரப் பட்டாளம் படிச்சுக்கிட்டுப் போச்சு. அந்த வித்தை அங்க வளர்ந்து 1904, 1932 ஒலிம்பிக்ல போட்டியாவே நடந்துச்சு. எங்க ஊர் சிலம்ப வாத்தியார் இன்னைக்கும் இருக்கார். வயசு எழுபதுக்கு மேல. சாயங்காலம் கோயில் திடல்ல ஒன்பது பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கார். மாசம் இருநூறு ரூபாய் கேட்டதுக்கு, "கம்பு சுத்தவா இருநூறு?"ன்னு மூணு பேரு பிள்ளைகளை நிறுத்திட்டாங்க. அந்த மூணு வீட்டுலயும் பிள்ளை கையில பத்தாயிரம் ரூபாய் போன் இருக்கு.

பையன் ஊருக்குப் போய் ஒரு வாரம் கழிச்சு போன் பண்ணான். "பெரியப்பா, டிரெட்மில்லுக்குத் தள்ளுபடி வந்திருக்கு, ஞாயித்துக்கிழமையோட முடியுது"ன்னான். "ஏல, தள்ளுபடி அடுத்த மாசமும் வரும். அந்தப் பயிற்சியாளர்கிட்ட ஒரு நாளைக்கு மட்டும் காசு கட்டிப் போ. ஒரு பெட்டியை எப்படித் தூக்குததுன்னு கேளு. போன்ல படம் பிடிக்கச் சொல்லி ஒன் முதுகை நீயே பாரு. பாத்துட்டு மெஷின் வாங்கணும்னு தோணுச்சுன்னா வாங்கிக்கோ, நான் வாயைத் திறக்க மாட்டேன்"ன்னேன். சரின்னு சொல்லியிருக்கான். ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு.

நானும் ஒரு வேலை செஞ்சேன். எங்க வீட்டுல உள்ள ஆளை அதே பிசியோதெரபி பொண்ணுகிட்ட திங்கட்கிழமைக்குச் சேர்த்திருக்கேன், முழங்காலுக்கு. பத்து தடவைக்கு இப்ப நாலாயிரமாம். முதல்ல, "அந்தக் காசுக்கு ஒரு மிக்சி வாங்கலாமே"ன்னுச்சு. இந்த எழுத்தைத்தான் வாசிச்சுக் காட்டினேன். கோழி படுக்கிற இடம் வந்ததும் சிரிச்சுட்டு, சரின்னுட்டா.

வாய்க்கால்ல முறைத்தண்ணி வந்திருக்கு. மடை திறக்கப் போறேன்.